விருப்பமுள்ளோர் மட்டும்

பேனா எழுதாமலாவது போயிருக்கலாம். செண்பகவல்லி பாரத்தின் ஓரத்தில் லேசாகக் கிறுக்கிப் பார்த்தாள். சனியன், நீலமாகப் பளிச்சென்று எழுதித் தொலைத்தது. இனி அந்தச் சாக்கும் இல்லை. கட்டம் சுண்டுவிரல் நகத்தளவுதான். அதற்குள் ஒரு டிக் போட்டால் நடையின் கோடியில் சாத்தியிருக்கும் பழுப்புக் கதவுக்குள் போய்ப் பதினைந்து நிமிஷம் ஐரிஷ் மொழியில் பேச வேண்டும். போடாவிட்டால் பாரத்தை மேஜைக்காரி நோரீனிடம் நீட்டிவிட்டு, வீட்டுக்குப் போய்க் குழம்பைக் கொதிக்க வைக்கலாம். எழுத்துத் தேர்வு போன சனிக்கிழமையே முடிந்துவிட்டது. அதற்கு எப்படியும் ஒரு சான்றிதழ் வரும். வாய்மொழித் தேர்வு விருப்பமுள்ளோர்க்கு மட்டும். பதினோரு மணிக்குள் சொல்லிவிட வேண்டும். இப்போது பத்து இருபது. அழுத்தமெல்லாம் ஒன்றுமில்லை, முழுக்க உங்கள் இஷ்டம் என்று வகுப்பெடுக்கும் மார்ட்டின் மூன்று வாரமாகச் சொல்லிக்கொண்டே இருக்கிறான். இந்த என்னிஸ் ஊர்க்காரர்களுக்கு எதையும் செய் என்று சொல்ல வாய் வராது. டீ குடிக்கிறீர்களா, வேண்டுமானால் குடியுங்கள், வேண்டாமென்றால் வேண்டாம், ஆனால் கெட்டில் கொதித்துவிட்டது என்பார்கள். அயர்லாந்துக்கு வந்து நாலு வருஷமாகியும் அதில் எது வா, எது போ என்று அவளுக்குப் பிடிபடவில்லை. கோவில்பட்டியில் கன்னியாஸ்திரீகளிடம் பன்னிரண்டு வருஷம் படித்தவள் அவள். தேர்வு என்றால் மணி அடிக்கும், உட்கார வேண்டும், எழுத வேண்டும். ஏழில் எவையேனும் ஐந்து என்று போட்டிருந்தாலும் ஏழையும் எழுதிவிட்டுத்தான் எழுந்திருப்பாள். எந்த இரண்டை விடுவது என்று தீர்மானிப்பதைவிட எழுதுவது சுலபம். இப்போது மட்டும் யாராவது ஒரு சிஸ்டர் வெள்ளை அங்கி சரசரக்க வந்து, உள்ளே போடி என்று பிடரியில் ஒரு தள்ளு தள்ளினால் போய்விடுவாள். யாரும் தள்ள மாட்டேனென்கிறார்கள். நோரீன் மேஜைக்குப் பின்னால் இருந்தபடி அவளைப் பார்த்துச் சிரிக்கிறாள். நோரீனுக்கு ஐரிஷ் ஒரு வார்த்தை தெரியாது. பள்ளிக்கூடத்தில் பதிமூன்று வருஷம் படித்தேன், கழிவறைக்குப் போகட்டுமா என்று கேட்க மட்டும் தெரியும் என்று வந்தவுடன் சொன்னாள். சொந்த மொழி தெரியாதவள் சந்தோஷமாக பிஸ்கட் தின்றுகொண்டிருக்கிறாள். இவள் இங்கே உட்கார்ந்து எச்சில் வற்றிச் சாகிறாள்.

இதெல்லாம் க்ரான்யாவால் வந்த வினை. க்ரான்யா நடத்துவது மழலையர் பள்ளி, இவர்கள் தெருவிலிருந்து நாலு நிமிஷ நடை. அங்கே குழந்தைகளிடம் ஐரிஷில்தான் பேசுவார்கள். பச்சைத் தொப்பியும் மூக்குச் சளியுமாக அந்தப் பொடிசுகள் வரிசையில் போவதை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இரண்டு குளிர்காலத்துப் பாத்திரங்களைக் கழுவியிருக்கிறாள் செண்பகவல்லி. ஒருநாள் ஒரு குழந்தை அவள் வாசலில் விழுந்தது. தூக்கி, முட்டியைத் துடைத்து, தமிழிலேயே நாலு திட்டுத் திட்டி அனுப்பினாள். மறுநாள் க்ரான்யா நன்றி சொல்ல வந்தாள், இரண்டு டீ குடித்தாள், ஒரு முறுக்கைக் கடிக்கத் தெரியாமல் கடித்தாள். செப்டம்பரில் எனக்கு ஒரு உதவியாளர் வேண்டும், உங்களைப் போல ஒருத்தர், ஆனால் வாய்மொழித் தேர்வில் தேறியிருக்க வேண்டும், அது இல்லாமல் உங்கள் பெயரை என்னால் நிர்வாகக் குழுவில் வைக்க முடியாது என்றாள். அவ்வளவு நேராக இந்த ஊரில் வேறு யாரும் பேசி அவள் கேட்டதில்லை. அன்றே செண்பகவல்லிக்கு க்ரான்யாவைப் பிடித்துப்போயிற்று. அன்று ராத்திரி சோற்றைப் போட்டுக்கொண்டே கணவர் ஆவுடையப்பனிடம் சொன்னாள். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவர் அவர். எதையும் ஒரு தடவைக்கு இரண்டு தடவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். "ஏட்டி, வேலைக்குப் போகப் போறியா?" என்றார். பிறகு சாம்பாரைப் பிசைந்தபடி, போயேன், நல்லதுதானே, நீ வாயைத் திறந்தா பிள்ளைகள் ஆடாம அசையாம உட்காரும் என்றார். பாராட்டா நக்கலா என்று அந்த மனுஷன் வாயிலிருந்து வருவதை இருபது வருஷமாக அவளால் பிரிக்க முடிந்ததில்லை. இன்றைக்கும் காரில் கொண்டுவந்து விட்டுவிட்டு, முடிஞ்சதும் ஒரு மிஸ்டு கால் குடு என்று போயிருக்கிறார். தேர்வு கட்டாயம் என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். விருப்பம்தான் என்று அவள் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை? சொல்லவில்லை, அவ்வளவுதான். மகள் லோசனிக்கு மட்டும் தெரியும், பாரத்தை ஃப்ரிட்ஜின் மேல் பார்த்துவிட்டாள். பன்னிரண்டு வயதுக்குமேல் வந்த பிள்ளைகளுக்கு ஐரிஷ் வேண்டாம் என்று பள்ளியிலேயே விலக்கு உண்டு. மற்றவர்கள் அதைப் படிக்கும்போது அவள் நூலகத்தில் உட்கார்ந்து நகத்துக்குச் சாயம் பூசுகிறாள். "மா, விருப்பம்னா வேண்டாம்னு அர்த்தம் மா" என்றாள். பதினாறு வயதில் எவ்வளவு தெளிவு. அவளை இரண்டு அறை அறையலாம் போலவும் இருந்தது, அவள் மடியில் தலை வைத்துப் படுத்துக்கொள்ளலாம் போலவும் இருந்தது.

உள்ளே யாரோ சிரிக்கிறார்கள். இப்போது உள்ளே இருப்பது வகுப்பில் முன்வரிசையில் உட்காரும் பல்டாக்டர். தேர்வில் என்ன சிரிப்பு? தேர்வாளர் கால்வேயிலிருந்து வந்திருக்கிறாராம், பிறந்ததிலிருந்து அந்த மொழியிலேயே பேசுகிறவராம். வேகமாகப் பேசுவாரோ? வேகமாகப் பேசினால்கூடப் பரவாயில்லை, சிரித்தபடி கேட்பாரே, அங்கேதான் மாட்டுவாள். நாய் விஷயம் அப்படித்தானே ஆயிற்று. நினைத்ததும் காது சுட்டது. மாதிரித் தேர்வு என்று மார்ட்டின் வைத்தான். உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்பது கேள்வி. வகுப்புப் புத்தகத்தின் கடைசியில் மாதிரி விடை ஒன்று இருந்தது, ஒன்றரைப் பக்கம். அவள் அதை அடுப்படியில் மாட்டிவைத்து ஒன்பது நாள் உருப்போட்டாள். இட்லிக்கு ஆட்டும்போது உருப்போட்டாள், பஸ்ஸில் உருப்போட்டாள். கான்வென்ட்டில் அவள் உருப்போட்ட எதுவும் அவளைக் கைவிட்டதில்லை. இருதய நோயின் அறிகுறிகள் பதினொன்றையும் இன்றைக்கும் மூச்சுவிடாமல் சொல்வாள். மாதிரித் தேர்வன்று எழுந்து நின்று, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஆரம்பித்தாள். கடவுள் உங்களோடு இருக்கட்டும் என்றுதான் இந்த மொழியில் வணக்கமே. பதிலுக்குக் கடவுளும் மரியாளும் என்பார்கள். அதில் அவளுக்குக் கஷ்டமே இல்லை, மரியாளை அவளுக்கு எல்.கே.ஜி.யிலிருந்து தெரியும். அப்புறம் கடகடவென்று போனது. ஊருக்கு வெளியே எனக்கு ஒரு வெள்ளை வீடு இருக்கிறது. எனக்கு மூன்று அண்ணன்மார். என் அப்பா விவசாயி. என்னிடம் ஒரு கறுப்பு நாய் இருக்கிறது, அது மிகவும் சுறுசுறுப்பானது. வாயிலிருந்து வெளியே விழுந்த பிறகுதான் உறைத்தது, இது யாருடைய வீடு, யாருடைய அப்பா என்று. அவள் அப்பா தீப்பெட்டிக் கம்பெனியில் குமாஸ்தா. வகுப்பே கைதட்டிற்று. மார்ட்டினுக்குக் கண் கலங்காத குறை. நாய்க்கு என்ன வயது, என்ன சாப்பிடும், ராத்திரி எங்கே படுக்கும் என்று சிரித்தபடி கேட்டான். மாதிரி விடையில் அதெல்லாம் இல்லை. அவள் வாயைத் திறந்தபடி நின்றாள், மார்ட்டின் அவள் நெகிழ்ந்துபோய்விட்டாள் என்று நினைத்து, பரவாயில்லை, நாய்களைப் பற்றிப் பேசினால் நானும் இப்படித்தான் என்றான். அதிலிருந்து வாராவாரம் நாய் எப்படி இருக்கிறது என்று யாராவது கேட்கிறார்கள். தபால்காரராக இருந்து ஓய்வுபெற்ற டெக்லன் ஒரு பை நிறைய எலும்பு கொண்டுவந்து கொடுத்தார். அவள் வாங்கிக்கொண்டாள். சைவப்பிள்ளை வீட்டுப் பெண், அந்த எலும்புப் பையை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போய், ஆற்றங்கரைக் குப்பைத்தொட்டியில் போட்டாள். நாய் இல்லை என்று சொல்லியிருக்கலாமே? அதற்கு ஐரிஷில் மூன்று சொல் போதும். மூன்று சொல். ஆனால் அந்த மூன்றுக்குப் பிறகு ஏன் சொன்னீர்கள் என்று கேட்பார்களே, அதற்கு எத்தனை சொல்?

இதுதான் அவளுடைய நோய். தமிழில் அவள் வாய்க்குப் பூட்டே கிடையாது. கோவில்பட்டி மார்க்கெட்டில் தராசுக்காரர்கள் அவளைக் கண்டால் எடைக்கல்லைத் துடைத்து வைப்பார்கள். ஆனால் வேறொரு மொழி என்று வந்துவிட்டால் முழு வாக்கியமும் உள்ளே கட்டி முடித்து, சுண்ணாம்பு அடித்து, காய்ந்தபிறகுதான் வெளியே விடுவாள். எல்லாம் அந்தக் கட்டையால் வந்தது. ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்புவரை ஒரு சின்ன மரக்கட்டை, கயிறு கோத்தது. தமிழ் பேசினவள் கழுத்தில் அதைப் போடுவார்கள். வேறொருத்தி பேசக் கேட்டால் அதைக் கழற்றி அவள் கழுத்துக்கு மாற்றலாம். சாயங்காலம் கடைசி மணிக்கு யார் கழுத்தில் இருக்கிறதோ அவள் கொடிமரத்தடியில் முட்டி போட வேண்டும். எல்லாச் சிறுக்கிகளும் ஒளிந்து நின்று அடுத்தவள் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். கால் இடறினால்கூட அம்மா என்று கத்த முடியாது. செண்பகவல்லி கழுத்தில் அது ஒரே ஒரு நாள்தான் விழுந்தது. அதன்பிறகு அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள்: பேசாமலிருப்பது. தேவை என்றால் ஒரு வாக்கியம், சுத்தமான இங்கிலீஷ், அதோடு சரி. அமைதியான பெண், நல்லொழுக்கம் என்று முன்னேற்ற அறிக்கையில் வருஷாவருஷம் எழுதினார்கள். அப்பா அதைக் கண்ணாடி போட்டு மாட்டாத குறை. உள்ளே அவள் எத்தனை பேரை எத்தனை விதமாகத் திட்டிக்கொண்டிருந்தாள் என்று அந்த நல்லொழுக்கத்துக்குத் தெரியுமா? நடையில் ஹீட்டர் கருகல் வாடை அடித்தது. ஈரக் கோட்டுகளின் ஆட்டு வாடை. பக்கத்து நாற்காலியில் டெக்லன் இருந்தார், எழுந்தார், கால்சட்டைப் பையைத் தட்டிப் பார்த்தார். அடுத்தது அவர்தான். இது அவருக்கு மூன்றாம் வருஷம். முந்தின இரண்டு தடவையும் இதே நாற்காலியிலிருந்து எழுந்து வீட்டுக்குப் போனவர். வகுப்பில் அவர் ஐரிஷில் கதை சொன்னால் பல்டாக்டர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள், கதவு என்று ஒன்று வந்துவிட்டால் எல்லாம் போய்விடுமாம். ஒரு சிகரெட்டுக்குப் போய்வருகிறேன், கூப்பிடும்போது நான் இல்லையென்றால் செத்துவிட்டேன் என்று சொல்லிவிடுங்கள், நல்ல மனிதர் என்றும் ஒரு வார்த்தை சேர்த்துக்கொள்ளுங்கள் என்றார். அவள் சிரித்தாள். அவர் வாசல் பக்கம் நடந்தார்.

பத்து நாற்பது. நாற்காலி. எந்த நாற்காலி? பிளாஸ்டிக் இல்லை அது, மரம், ஒரு கால் குட்டை. சங்கரன்கோவிலில் ஒரு பள்ளிக்கூடம், தாவரவியல் ஆசிரியை வேலைக்கு நேர்முகத் தேர்வு, இருபத்துநாலு வருஷத்துக்கு முன்னால். நினைக்கவே கூடாது என்று வீட்டிலிருந்து கிளம்பும்போதே சொல்லிக்கொண்டாளே. ஏழு பேர் உட்கார்ந்திருந்தார்கள், அவள் ஐந்தாவது. ஒவ்வொருத்தியாக உள்ளே போய்ச் சிவந்த முகத்தோடு வெளியே வந்தாள். நாலாவது பெண் உள்ளே போனபோது செண்பகவல்லி எழுந்தாள், தண்ணீர் குடிக்கத்தான். பானை வாசல் பக்கம் இருந்தது. குடித்தாள். வாசலுக்கு வெளியே பஸ் நின்றது. ஏறிவிட்டாள். அவ்வளவுதான் நடந்தது, அதைவிட ஒன்றும் நடக்கவில்லை. டிக்கெட் எடுக்கும்போதுதான் தான் என்ன செய்தோம் என்று தெரிந்தது. வீட்டுக்கு வந்து, முன்னாலேயே ஆள் எடுத்துட்டாங்களாம்ப்பா, சிபாரிசாம் என்றாள். ஒரு வாக்கியம், உள்ளே கட்டி முடித்துச் சுண்ணாம்பு அடித்த வாக்கியம். அப்பா அந்தப் பள்ளித் தாளாளரைச் சாகும்வரை திட்டினார். கல்யாணத்துக்குப் பிறகு ஆவுடையப்பன் எடுத்துக்கொண்டார். இன்றைக்கும் யாராவது விருந்துக்கு வந்து பேச்சு வாக்கில் ஊழல் என்று சொல்லிவிட்டால் போதும், எங்க வீட்டுக்காரியே பட்டிருக்கா சார், தங்கமான மார்க், சிபாரிசு இல்லாததால வேலை போச்சு என்று ஆரம்பித்துவிடுவார். அவள் வடையை நீட்டிக்கொண்டு நிற்பாள். இந்த மனுஷன் அவளுக்காகக் கோபப்படுவது அந்த ஒரு விஷயத்துக்குத்தான். அதைப் போய் எப்படிக் கெடுப்பது? அவர் முகத்தில் அந்த நேரத்தில் வரும் அந்த நியாயம்! யாரென்றே தெரியாத அந்தத் தாளாளர், பாவம், யோக்கியனாகக்கூட இருந்திருப்பார், இந்நேரம் செத்திருப்பார். பத்து நாற்பத்துநாலு. குழம்புக்குப் புளி ஊறப்போட்டுத்தான் வந்திருக்கிறாள். போகிற வழியில் கொத்தமல்லி வாங்கினால் ரசமும் வைத்துவிடலாம். லோசனி ஒன்றும் கேட்க மாட்டாள். அவர்தான் கேட்பார், என்னட்டி ஆச்சு என்று. அப்போது சொல்லலாம், க்ரான்யா வேற ஆளை எடுத்துட்டாளாம்ங்க. தெரிஞ்சவங்க யாரோவாம். சொல்லிவிடலாம். நாக்கில் அது எவ்வளவு வழவழப்பாக உட்கார்ந்தது. அப்புறம்தான் அந்த வாக்கியத்தை அவள் திரும்பப் பார்த்தாள். அது எங்கே கிடந்தது இத்தனை நாளும்? ஒரு நூல்கூட நைந்துபோகாமல் அப்படியே எடுத்து உடுத்திக்கொள்ளலாம் போல இருந்தது. அவர் நம்புவார். உடனே நம்புவார். க்ரான்யாவை, முறுக்குக் கடிக்கத் தெரியாத அந்தப் பெண்ணை, அடுத்த இருபத்துநாலு வருஷம் விருந்தாளிகள் முன்னால் திட்டுவார், இவள் வடையை நீட்டிக்கொண்டு நிற்பாள், எழுபத்தோரு வயதில். அப்படியும் அவள் எழுந்தாள். கோட்டை எடுத்து ஒரு கையை நுழைத்தாள். தண்ணீர் குடிக்கத்தான், என்று யாரிடமோ சொல்வதுபோல நினைத்தாள்.

கதவு திறந்தது. பல்டாக்டர் சிவந்த முகத்தோடு வெளியே வந்து, யாரையும் பார்க்காமல் போனாள். பின்னாலேயே தேர்வாளர், நெட்டையான ஆள், ஸ்வெட்டரில் முழங்கை தேய்ந்திருந்தது, கையில் அட்டையில் செருகிய பட்டியல். டெக்லன் பெயரை வாசித்தார். நோரீன் பிஸ்கட்டை விழுங்கிவிட்டு நாலு பக்கமும் பார்த்தாள். அவர் இன்னொரு தடவை வாசித்தார். ஐரிஷில் என்னவோ கேட்டார், வந்திருக்கிறாரா இல்லையா என்று; நோரீன் தோளைக் குலுக்கினாள். மூன்றாம் தடவை கூப்பிடவில்லை. பேனாவை எடுத்தார், பட்டியலில் ஓரிடத்தில் வைத்தார். அவ்வளவு சுலபமாக. ஒரு கோடு இழுப்பார், அந்த ஆள் மூன்றாம் வருஷமும் செத்துப்போவார், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள், ஏனென்றால் இஷ்டம், ஏனென்றால் அழுத்தமே இல்லை. "நில்லுங்க" என்றாள் செண்பகவல்லி. ஐரிஷில்தான் சொன்னாள். கோட்டின் ஒரு கை தொங்கியது. எழுதாதீங்க, வெளியே இருக்கார், பயம், பயம் அவர்மேலே உட்கார்ந்திருக்கு, இரண்டு வருஷமா உட்கார்ந்திருக்கு, ஒரே நிமிஷம், என்ன அவசரம் உங்களுக்கு, நான் போய்க் கூட்டிட்டு வர்றேன். பாதி தப்பு. நேற்று, நாளை, இருக்கு, இருந்தது எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று ஏறி விழுந்தன. அவசரம் என்பதற்கு ஐரிஷ் சொல் கிடைக்காமல் அந்த இடத்தில் கையை வீசினாள். நெட்டை ஆள் பேனாவைத் தூக்கிக்கொண்டார். அவள் அதற்குள் வாசலுக்குப் போய்விட்டாள். டெக்லன் காரோரமாக நின்றிருந்தார், சாவி கையில். அவள் அவருடைய சட்டைக் கையைப் பிடித்தாள், அழுக்குத் துணி வாரும் பிடி, இழுத்துக்கொண்டு வந்து பழுப்புக் கதவுக்குள் விட்டாள். பஸ் ஒன்று வாசலோடு போனது அவளுக்கு அப்புறம்தான் ஞாபகம் வந்தது.

தேர்வாளர் இன்னும் உள்ளே போகவில்லை. கதவை முதுகால் தாங்கிக்கொண்டு அவளைப் பார்த்தார். மெதுவாக, ஆனால் ஐரிஷில்தான், நீங்கள் யாருக்காகக் காத்திருக்கிறீர்கள் என்று கேட்டார். கேள்வி அவளுக்குள் முழுசாகப் போய் உட்கார்ந்தது. யாருக்காக. பள்ளிக்கூட வாசல், ஆஸ்பத்திரி வாசல், கார் நிறுத்துமிடம், இத்தனை வருஷமும் யாராவது அவளிடம் இதைக் கேட்டால் ஒரு பெயர் சொல்லியிருக்கிறாள். உள்ளே வாக்கியம் ஒன்றும் கட்டிவைத்திருக்கவில்லை. சாரமும் இல்லை, செங்கல்லும் இல்லை. பதினோரு மணிக்கு ஒன்பது நிமிஷம் இருந்தது. எனக்காகத்தான் என்றாள். அவர் பட்டியலை மேலிருந்து கீழே விரலால் தடவினார், உங்கள் பெயர் இதில் இல்லையே என்றார்.

"இல்லைதான். எழுதுங்க" என்றாள். "நீளமான பேரு. சொல்லச் சொல்ல நிதானமா எழுதுங்க."